கை நனைக்காமல் போனவர்கள்

அப்பு,

நாளைக் காலையில் ஒட்டன்சத்திரம் போகப்போவதாக உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். நிவேதாவின் தாய்மாமனைப் பார்த்து, தெரியாமல் நடந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு, நின்றுபோன கல்யாணப் பேச்சை மறுபடி எடுக்கப்போகிறாயாம். மாதுளையும் ஆப்பிளும் வாங்கிவந்து ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வேண்டாம் என்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வாயால் சொல்ல வந்தால், தக்காளிக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று எழுந்து போய்விடுகிறாய். ஆளைப் பிடிக்க முடியவில்லை. அதனால்தான் மத்தியானச் சாப்பாடு முடிந்து நீ தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தோடு எழுத்தை விட்டவள் நான். கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உனக்குப் பெண் தேட ஆரம்பித்த காலத்தில் எனக்கு முட்டிவலியே கிடையாது. அதை வைத்து நீயே கணக்குப் போட்டுக்கொள். கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் நீ இருந்தவரைக்கும் ஜாதகம் நம்மைத் தேடி வந்தது. உன் அப்பா வாய்க்காலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, நீ வேலையை விட்டுவிட்டு வந்து தோட்டத்தைக் கையில் எடுத்தாயோ இல்லையோ, வந்த ஜாதகமெல்லாம் வந்த வழியே போய்விட்டது. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று போனில் கேட்பார்கள். விவசாயம் என்பேன். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. லைன் கட்டாகிவிட்டதாக்கும் என்று நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பேன். செம்பட்டித் தரகர் ஒருமுறை ஒரு வீட்டு நிபந்தனையைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு நிலம் இருக்க வேண்டுமாம். ஆனால் மாப்பிள்ளை விவசாயம் பார்க்கக் கூடாதாம். "அப்ப நிலத்தை யாருய்யா பாக்குறது, கலெக்டரா?" என்று உன் அப்பா கேட்டார். அன்றைக்குச் சிரித்தோம். இப்போது அதே நிபந்தனையை யாராவது சொன்னால் சிரிப்பு வருவதில்லை, சரி என்று சொல்லிவிடலாமா என்றுதான் யோசனை போகிறது.

அப்படி நாங்கள் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்த நேரத்தில் வந்ததுதான் நிவேதா ஜாதகம். திண்டுக்கல் டவுனில் வீடு, சென்னையில் வேலை, வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், மாப்பிள்ளை விவசாயம் என்றாலும் பரவாயில்லை, பேசிப் பார்க்கிறேன் என்று அந்தப் பெண்ணே சொன்னாளாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீங்கள் இருவரும் போனில் பேச ஆரம்பித்தீர்கள். நீ முருங்கை மரத்தடியில் நின்று பேசுவதை நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பேசும்போது ஒரு கையால் மரத்துப் பட்டையை உரித்துக்கொண்டே இருப்பாய். அந்த மரத்தைப் பார்த்தால் நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். கடவுளே, இதையாவது முடித்துக்கொடு என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் அடுக்களைக்கு வந்து, சுஷி சுஷி என்றாய். நான் அவளுடைய தங்கச்சியாக்கும் என்று நினைத்தேன். அது ஜப்பான்காரர்கள் சாப்பிடுகிற பண்டம், சோற்றைக் கடல்பாசித் தாளில் வைத்துச் சுருட்டுவது என்று போனில் படம் காட்டினாய். பச்சை மீனை வைத்துச் சாப்பிடுவார்கள் என்று நான் எங்கேயோ கேள்விப்பட்டிருந்ததால் முகத்தைச் சுளித்தேன். "அது வேறம்மா. இது ஓவன்ல வச்சு வேக வைக்கிறது. அவ ரூம்ல ஞாயித்துக்கிழமையானா எல்லாரும் சேந்து செய்வாங்களாம்" என்றாய். உனக்கு அது என்னவென்றே தெரியாமல், எனக்கும் பிடிக்கும் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறாய். வீடு பார்க்க அவர்கள் வரும் நாளில் நீயே செய்து அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்றாய். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கட்டிக்கப்போகிறவளுக்கு ஆசையாய் ஒன்று செய்து கொடுக்கிறவன் நல்ல புருஷனாக இருப்பான் என்றுதான் நினைத்தேன்.

டவுனுக்குப் போய் ஓவன் வாங்கிவந்தாய். மோட்டார் ஓடும்போது அதைப் போட்டால் வீட்டு லைட்டெல்லாம் மங்கிவிடும். அதனால் நீ ஓவன் போடுகிற நேரம் மோட்டாரை நிறுத்தவேண்டி வந்தது. தக்காளி வாடுகிறது என்று உன் அப்பா வாசலுக்கும் தோட்டத்துக்கும் தாங்கித் தாங்கி நடந்தபடி இருந்தார். மூங்கில் குச்சியில் பின்னிய சின்னப் பாயை நீ விரித்து, அதன்மேல் கடல்பாசித் தாளை வைத்துச் சோற்றைப் பரப்பியதைப் பார்த்ததும் அவரால் வாயை அடக்க முடியவில்லை. "ஏலே, சோத்தைப் பாயில சுருட்டுறியே, அதுக்கென்ன காய்ச்சலா?" என்றார். அன்றைக்குச் சுருட்டியது கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. சாப்பாட்டு அரிசி ஒட்டவே இல்லை. பொங்கலுக்கு வைக்கிற பச்சரிசியில் கொஞ்சம் கூடத் தண்ணீர் விட்டு வடித்துப் பார் என்று நான்தான் சொன்னேன். வினிகரும் சீனியும் உப்பும் கலந்து சோற்றில் தெளித்து, நீ கிளற, நான் விசிறியால் விசிறி ஆற வைத்தேன். நம் தோட்டத்து வெள்ளரிக்காய், கேரட், வறுத்த பன்னீர், எல்லாம் விரல் தடிமனில் வெட்டி நடுவில் வைத்தாய். கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டியதில் துண்டுகள் உதிராமல் வட்டமாக நின்றன. மேலே மிளகாய் சாஸ் கலந்த மயோனைஸைத் தடவி, எள்ளைத் தூவி ஓவனுக்குள் வைத்தாய். மேல்பக்கம் அங்கங்கே சிவந்து குமிழ்விட்டு வந்தபோது, முறுகலாகப் பார்க்கவே நன்றாக இருந்தது. ருசி எனக்கு முதலில் பிடிபடவில்லை, புளித்த சோற்றில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. இரண்டாவது துண்டில் பிடித்துப்போயிற்று. உன் அப்பாவும், கேலியை விட்டுவிட்டு, ஐந்தாறு தின்றார்.

அவர்கள் வந்த அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. கடல்பாசி வாசம் கருவாட்டு வாசம் மாதிரி அடித்துவிடக் கூடாது, நல்ல காரியம் பேச வருகிறார்கள் என்று வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். மற்றதெல்லாம் முறைப்படிதான் செய்தேன். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காப்பி. பேசி முடிக்காத வீட்டில் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தத்துக்கு ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால்தான் மத்தியானம் வரை இருந்தாலும் இருப்பார்கள், ஒரு எலுமிச்சைச் சோறாவது கிளறி வைப்போமா என்று வந்த யோசனையைக்கூட அடக்கிக்கொண்டேன். ஆனால் பார், ஓவனில் சிவந்து, பேக்கரிப் பலகாரம் மாதிரித் தட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பண்டத்தை நாங்கள் யாருமே சோறு என்று நினைக்கவில்லை. பானையில் அரிசி போட்டவள் நான், வடித்தவள் நான், விசிறியவள் நான். எனக்கே தோன்றவில்லை.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதைத் தப்பாகவே நினைவில் வைத்திருக்கிறாய். அந்தத் தாய்மாமன் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். வந்ததும் வராததுமாக உன்னோடு தோட்டத்துக்குள் இறங்கித் தக்காளிச் செடியைத் தொட்டுப் பார்த்து, இலைப்பேன் விழுந்திருக்கிறது, சீக்கிரம் மருந்து அடி என்றார். உன் அப்பாவுக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நீ எல்லோர் தட்டிலும் இரண்டு இரண்டாக வைத்துக்கொண்டே வந்தாய். எப்படிச் செய்வது என்று நிவேதாவின் அப்பாவுக்கு நீ விளக்கிக்கொண்டிருக்கும்போது, மாமன் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, உள்ள இருக்கறது சோறுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் காப்பித் தட்டோடு உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீதான், பச்சரிசிதானுங்க, ஆனால் இது ஸ்நாக்ஸ் மாதிரி என்று என்னவோ சொன்னாய். அவர் துண்டைத் தட்டில் வைத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. பேசி முடிக்காத எடத்துல சோத்துல கை நனைக்கற வழக்கம் நம்மகிட்ட இல்லீங்களே" என்றார். வாய் வரைக்கும் கொண்டுபோனதை அவள் அப்பா கீழே வைத்தார். அவள் அம்மாவும் வைத்தார். தட்டுகள் ஒவ்வொன்றாக டீப்பாய்க்குப் போயின. நிவேதா தலை குனிந்துகொண்டாள். நீ காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற கோலம் இருக்கிறதே, பெற்றவள் பார்க்கக் கூடாத கோலம் அது. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். பிறகு தரகர் வந்து, மாமனுக்கு அந்தச் சோற்று விஷயம் மனசில் உறுத்தலாக இருக்கிறதாம், சரிவராது என்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நம் வீட்டில் அந்த மனிதரைத் திட்டாத நாள் கிடையாது. எந்தக் காலத்தில் இருக்கிறார் இவர், ஒரு வாய்ச் சோற்றுக்காக ஒரு பையன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாரே என்று உன் அப்பா திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். நீ திட்டவில்லை. நீ அதற்கு வழி கண்டுபிடிக்க ஆரம்பித்தாய். சோறுதானே தப்பு, சோறு இல்லாமல் செய்கிறேன் என்று ரவையை உப்புமா மாதிரிக் கிண்டி, கடல்பாசியில் சுருட்டி, ஓவனில் வைக்கிறாய். இரண்டு தடவை அடி பிடித்துப்போய், நேற்றுத்தான் சரியாக வந்தது. அதையும் ஒரு டப்பாவில் போட்டுப் பழத்தட்டோடு நாளைக்கு எடுத்துப் போகிறாயாம், உன் அப்பா சொன்னார். அதைக் கேட்டதும்தான் இந்தத் தாளை எடுத்தேன், அப்பு. இதற்கு மேலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உன்னைப் பெற்றதற்கு அர்த்தமே இல்லை.

நீ அவள் அப்பா பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாய். நான் காப்பித் தட்டோடு அவளுக்கு நேர் எதிரே நின்றேன். அதனால் நீ பார்க்காததை நான் பார்த்தேன். நீ வைத்ததும் அவள் ஒரு துண்டை எடுத்தாள். நீங்களே செய்தீர்களா என்று உன்னிடம் கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. நீ அந்தப் பக்கம் திரும்பியதும், கையிலிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தன் மாமனைப் பார்த்தாள். பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. அந்தத் துண்டைத் தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவள் மாமன் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்ததும், சோறா என்று கேட்டதும், வழக்கம் இல்லை என்றதும். அவர்கள் போன பிறகு தட்டுகளைக் கழுவ எடுத்தேன். எல்லோர் தட்டிலும் இரண்டு துண்டுகள் அப்படியே இருந்தன. அவர் தட்டில் மட்டும் ஒன்றுதான் இருந்தது. மற்றதை அவர் முன்னாடியே தின்றுவிட்டார். தின்ற மனிதருக்கு உள்ளே இருப்பது சோறு என்று தெரியாமலா இருக்கும்?

புரிகிறதா உனக்கு? அவருக்குச் சோறு ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பெண் வேண்டாம் என்றது அவர் கண்ணில் பட்டது. அத்தனை பேர் நடுவில், நீ ஆசையாய்ச் செய்ததைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வேண்டாம் என்று சொல்லவும் கூடாது, நீ அதைக் காதால் கேட்கவும் கூடாது. அதனால் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, பழைய பஞ்சாங்கம் மாதிரி ஒரு வழக்கத்தைச் சொல்லி எல்லோரையும் எழுப்பிக் கூட்டிப்போனார். அவளுக்கும் மானம் போகவில்லை, உனக்கும் போகவில்லை. அந்த நல்ல மனிதரைத்தான் நாம் இத்தனை நாளாக வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்கிறோம். உன் மனசு நோகுமே என்று நான் தெரிந்தே கூடச் சேர்ந்தேன். நீ நாளைக்குப் போய் அவர் முன்னால் டப்பாவைத் திறந்து, இது ரவைங்க, சாப்பிடலாம் என்று சொன்னால், அவர் என்ன செய்வார் சொல்லு. சாப்பிடத்தான் செய்வார். சாப்பிட்டுவிட்டு, உன் முகத்தைப் பார்த்து, அந்தப் பெண்ணுக்கு இஷ்டமில்லை தம்பி என்று அவர் வாயாலேயே சொல்லவேண்டி வரும். நீ அதைக் கேட்டுவிட்டு அத்தனை தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு தனியாக வரவேண்டும். அது வேண்டாம். நான் சொன்னதாகவே இருக்கட்டும், வீட்டுக்குள்ளேயே கேட்டுக்கொள்.

ஏன் வேண்டாம் என்றாள் என்று நீ கேட்பாய். உன்னிடம் குறை கண்டு அல்ல. கூடத்தில் உட்காருவதற்கு முன்னால் அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். தொழுவத்தையும் பார்த்தாள், கிணற்றையும் பார்த்தாள், கண்ணுக்கு எட்டியவரை வேறு வீடு இல்லாததையும் பார்த்தாள். "சாயங்காலம் ஆனா என்ன பண்ணுவீங்க ஆண்ட்டி?" என்று கேட்டாள். "என்ன தாயி பண்றது, மாட்டைப் பிடிச்சுக் கட்டிட்டு டிவி பாக்குறதுதேன்" என்றேன். எங்கேயாவது காலாற நடந்து போக முடியுமா என்றாள். இருட்டினால் வரப்பில் பாம்பு கிடக்கும், யாரும் போவதில்லை என்றேன். நல்ல அம்மாதான் உனக்கு வாய்த்தேன், போ. என் வாயால்தான் கெட்டது என்று முதலில் நினைத்து அழுதேன். பிறகு யோசித்தேன். நான் பூசி மெழுகியிருந்தாலும் அவளுக்குக் கண் இருக்கிறது. அவள் ரொம்ப நேரம் அங்கேயே நின்று வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வரவைத்துப் பார்த்தும் வரவில்லை. என்னைக் கட்டிக்கொடுக்கும்போது இந்த வீட்டை யாரும் எனக்குக் காட்டவில்லை. கன்னிவாடியிலிருந்து கழுத்தில் தாலியோடு வேனில் வந்து இறங்கிய பிறகுதான் பார்த்தேன். இறங்கினதும், மற்ற வீடெல்லாம் எங்கே என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். உன் அப்பா நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகமில்லை, அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் இவளைக் கூட்டிவந்த மாதிரி என்னையும் முன்கூட்டியே கூட்டிவந்து, கொல்லையில் நிறுத்தி, பார், பிடித்தால் சொல், பிடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை என்று ஒருவராவது கேட்டிருந்தால், நானும் எடுத்ததைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போயிருப்பேன். நீ பிறந்திருக்க மாட்டாய். இதைப் பெற்ற பிள்ளையிடம் எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

இன்னொரு பெண் வருவாள், மனசைத் தளரவிடாதே என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். வருவாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நிலத்தை விற்றுவிட்டுத் திரும்பக் கோயம்புத்தூர் போ என்று சொல்லலாம். உன் அப்பா நடக்கிற நடைக்கு அதையும் சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் நீ போக மாட்டாய். கொஞ்ச நாளைக்கு யாரையும் பார்க்க வேண்டாம். நாளை மறுநாளோ அடுத்த வாரமோ அவள் மனசு மாறி போன் செய்வாள் என்று முருங்கை மரத்தடியில் போய் நிற்காதே. அவள் நல்ல பெண். நல்ல பெண் என்பதால்தான் அன்றைக்கே கீழே வைத்தாள், இழுத்தடிக்கவில்லை.

வண்டிச் சாவியை நான் எடுத்து வைத்திருக்கிறேன். பிடுங்கி வைக்கிற வயசு உனக்குமில்லை, தெம்பு எனக்குமில்லை. காலையில் வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன். கேட்காதே, அப்பு.

அம்மா